இரண்டு சுற்று முன்னால்: வெண்டல் ஸ்காட்டின் பந்தய வாழ்க்கை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார் பந்தயம் பற்றிய பேச்சு என்றதும் ஃபார்முலா ஒன் நினைப்போடு வந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். நான் பேசப்போவது அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் மண்ணில் முளைத்த இன்னொரு பந்தயத்தைப் பற்றி. ஸ்டாக் கார் பந்தயம் என்பது அதன் பெயர். அதை நடத்தும் அமைப்பு நாஸ்கார். கூரையும் கதவுமாக, தெருவில் ஓடும் குடும்பக் கார் போலவே தோன்றும் வண்டிகள், நீள்வட்டத் தடத்தில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் ஓடும். ‘சும்மா சுற்றிச் சுற்றி வருவதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. அரை மைல் மண் தடத்தில் இருபது வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு திரும்பும்போது, பின்சக்கரங்கள் வெளிப்பக்கமாக வழுக்கும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கமாக ஒடித்து, ஆக்சிலரேட்டரை விடாமல், அந்த வழுக்கலிலேயே வளைவைக் கடக்க வேண்டும். டேடோனா போன்ற பெரிய தடங்களில் வளைவுகள் 31 பாகை சரிவில் எழுந்து நிற்கும். அதன் மேல் நடந்து ஏறுவதே சிரமம். அங்கே மணிக்கு இருநூறு மைலை நெருங்கும் வேகத்தில், முன்வண்டியின் பின்பக்கத்தை ஒட்டியபடி ஓட்டுகிறார்கள்.

நமக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் பந்தயத் தொடரில் ஓட்டினார். அவர் முதலில் இறங்கிய தடம் வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில். அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ முப்பது மைல் போனால் டான்வில் என்ற ஊர் வரும். இன்றைய பேச்சின் நாயகர் வெண்டல் ஸ்காட் பிறந்ததும் இறந்ததும் அந்த ஊரில்தான்.

1921 ஆகஸ்ட் 29 அவருடைய பிறந்த நாள். வட கரோலினா எல்லையை ஒட்டிய டான்வில், பருத்தி ஆலைகளாலும் புகையிலைக் கிடங்குகளாலும் வாழ்ந்த ஊர். கறுப்பினத்தவருக்கு அங்கே கிடைத்த வேலை பெரும்பாலும் யாராவது ஒரு முதலாளியின் கீழ் கைகட்டி நிற்கிற வேலை. ஸ்காட்டின் தந்தை வசதியான வெள்ளைக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியவர், வண்டிகளைப் பழுது பார்த்தவர். மகனுக்கு அவரிடமிருந்து ஸ்பேனர் பிடிக்கும் கை வந்தது. யாருக்கும் கீழே வேலை செய்வதில்லை என்ற பிடிவாதமும் சேர்ந்து வளர்ந்தது. பள்ளிப் படிப்பை நடுவில் விட்டு டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது, கறுப்பர்களைத் தனியாகப் பிரித்து வைத்திருந்த அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் மெக்கானிக்காகப் பணியாற்றினார். ஊர் திரும்பியதும் சொந்தமாக ஒரு பட்டறை போட்டார்.

பட்டறையின் வருமானம் போதவில்லை. அதனால் இரவில் கள்ளச்சாராயம் கடத்தினார்.

இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். இந்த விளையாட்டின் பூர்வீகமே அதுதான். மலைப்பகுதியில் காய்ச்சிய சாராயத்தை நகரத்துக்குக் கொண்டுபோக, வெளியில் சாதாரணமாகத் தோன்றுகிற, உள்ளே எஞ்சினை முறுக்கேற்றிய கார் வேண்டும். சரக்கின் கனத்தில் பின்பக்கம் தாழ்ந்தால் போலீசுக்குத் தெரிந்துவிடும் என்பதால் பின் ஸ்பிரிங்குகளை இறுக்கி வைப்பார்கள். 1949இல் சார்லட் நகரில் நடந்த நாஸ்காரின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தில் முதலாவதாக வந்த கிளென் டனவேயைத் தகுதிநீக்கம் செய்தார்கள். காரணம், அவர் ஓட்டிய காரில் இருந்த அதே மாதிரியான கடத்தல் ஸ்பிரிங்! புகழ்பெற்ற ஜூனியர் ஜான்சன் காய்ச்சிய குற்றத்துக்காகச் சிறை சென்றவர். பின்னாளில் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஸ்காட் ஒரே ஒருமுறை, 1949இல், பிடிபட்டார். மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார்கள்.

வார இறுதியில் டான்வில் கண்காட்சி மைதானத்தில் பந்தயம் நடக்கும். ஸ்காட் போய்ப் பார்ப்பார், கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய படிக்கட்டுகளில் உட்கார்ந்து. கீழே ஓட்டுகிறவர்களில் சிலர் அவரைப் போலவே சாராயம் ஏற்றிச் செல்பவர்கள். சாலையில் எல்லோரையும் போலீஸ் ஒன்றாகத்தான் துரத்தியது. மைதானத்துக்குள் வந்தால் அவர்கள் தடத்தில், இவர் படிக்கட்டில்.

1952இல் அந்த மைதானத்தின் அமைப்பாளர்களுக்கு டிக்கெட் விற்பனை சரியில்லை. ஒரு கறுப்பரை ஓட்ட வைத்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். யாரைக் கூப்பிடுவது? நேரே போலீசிடம் போய், உங்களை அதிகமாகத் திணறடித்த கறுப்பின ஓட்டுநர் யார் என்று கேட்டார்கள். போலீஸ் சொன்ன பெயர் வெண்டல் ஸ்காட். ஒருவருடைய திறமைக்கு இதைவிட நம்பகமான நற்சான்றிதழ் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மே மாதம் 23ஆம் தேதி ஸ்காட் முதல்முறையாகப் பந்தயத்தில் இறங்கினார். கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். வண்டியும் பாதியில் படுத்துவிட்டது. ஆனால் அவர் முடிவு செய்துவிட்டார், இனி இதுதான் வேலை என்று. காரைச் சரிசெய்து, வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகருக்கு, நாஸ்கார் பந்தயத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கறுப்பர் ஓட்டக்கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். வீடு திரும்பும்போது கண்ணில் நீர் நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஹை பாயின்ட் நகரத்திலும் அதே கதை; வேண்டுமானால் உன் காரை ஒரு வெள்ளையரிடம் கொடு, அவர் ஓட்டட்டும் என்றும் சொன்னார்கள்.  நாஸ்கார் அல்லாத சிறிய தடங்களுக்குத் திரும்பினார். முதல் பந்தயம் ஓட்டிய பன்னிரண்டாம் நாள், லிஞ்ச்பர்க் நகரில் ஒரு சிறிய போட்டியில் வென்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை என்று நாஸ்காரின் விதிப்புத்தகத்தில் எந்த வரியும் கிடையாது. எழுதாத விதியை எதிர்த்து வழக்குப் போட முடியாது. ஆனால் எழுதாத விதியை மீறவும் ஒரு வழி உண்டு: உள்ளே இருப்பவர் ஒருவர் மனம் வைத்தால் போதும். ரிச்மண்ட் பந்தயத் தடத்தில் மைக் போஸ்டன் என்ற நாஸ்கார் அலுவலரிடம் ஸ்காட் உரிமம் கேட்டார். தலைமையகத்தைக் கேட்காமலே போஸ்டன் கொடுத்துவிட்டார். உன்னை இடித்துத் தள்ளுவார்கள், தாங்குவாயா என்று மட்டும் கேட்டாராம். தாங்குவேன் என்றார் ஸ்காட். தலைமையகம் மகிழவில்லை என்று போஸ்டன் பின்னால் சொன்னார். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவும் இல்லை.

இடித்துத் தள்ளத்தான் செய்தார்கள். வேண்டுமென்றே மோதிச் சுவரில் சொருகுவார்கள். மோதியவரை அடிக்கக் கை ஓங்கினால் அன்றோடு பந்தய வாழ்க்கை முடிந்தது என்பது ஸ்காட்டுக்குத் தெரியும். பொறுத்துக்கொண்டார். காலப்போக்கில் வெள்ளை ஓட்டுநர்கள் சிலரே அவர் பக்கம் நின்றார்கள். டிங்கரிங் தெரிந்தவர்களுக்கு, கையில் கிரீஸோடு நிற்கும் இன்னொருவரின் வேலைச் சுத்தம் கண்ணில் படாமல் போகாது. ஆனால் ஒரு ஓட்டுநர் மட்டும் விடாமல் மோதிக்கொண்டே இருந்தார். ஒருநாள் பந்தயம் தொடங்குவதற்கு முன்னால் மெதுவாக அணிவகுத்துச் செல்லும் சுற்றில், ஸ்காட் காருக்குள்ளிருந்து ஒரு கைத்துப்பாக்கியை அவருக்குக் காட்டினார். அதன்பின் அந்த மோதல் நின்றது. காந்தியக் கதையாகச் சொல்ல ஆசைப்படுபவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுவார்கள். நான் விடுவதாக இல்லை. அவர் மனிதர்.

நாஸ்காரை நிறுவி, தன் சொத்தைப் போல நடத்தியவர் பில் ஃபிரான்ஸ். 1954இல் ஸ்காட் அவரை நேரில் சந்தித்தார். முந்தைய நாள் ராலேயில் நடந்த பந்தயத்தில், வந்திருந்த வெள்ளை ஓட்டுநர்களுக்குப் பெட்ரோல் காசு கொடுத்த அமைப்பாளர், ஸ்காட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அதைச் சொன்னார். ஃபிரான்ஸ் தன் பையிலிருந்து முப்பது டாலர் எடுத்துக் கொடுத்து, நீ நாஸ்கார் உறுப்பினன், இனி உறுப்பினனாகவே நடத்தப்படுவாய் என்று வாக்குக் கொடுத்தார். நல்ல காட்சிதான். அதே ஃபிரான்ஸ் 1972இல், இனப் பிரிவினையின் முகமாக நாடே அறிந்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அதிபர் தேர்தலுக்கு முயன்றபோது, ஃபுளோரிடாவில் அவருடைய பிரசாரத்தை முன்னின்று நடத்தினார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. முப்பது டாலரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிற வரலாறு எனக்கு உவப்பில்லை.

1959இல் ஸ்காட் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவுச் சாம்பியன் ஆனார். 1961 மார்ச்சில், தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில், நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனலில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 39. அவர் காரின் எண் 34.

இனி 1963க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூன் 10ஆம் தேதி, அவருடைய டான்வில்லிலேயே, உரிமை கேட்டுப் பிரார்த்தனையோடு கூடிய கறுப்பின மக்களைத் தண்ணீர்ப் பீரங்கியாலும் தடியாலும் போலீஸ் தாக்கியது. ஆகஸ்டில் கறுப்பின மக்களின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணி. நவம்பர் 22இல் கென்னடி கொலை. அதற்கு ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 1, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், ஸ்பீட்வே பார்க் என்ற அரை மைல் மண் தடத்தில் 200 சுற்றுப் பந்தயம். ஸ்காட் ஓட்டியது சக ஓட்டுநர் நெட் ஜாரட்டிடம் வாங்கிய பழைய ஷெவர்லே.

தடம் குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு வண்டியாக உடைந்து ஒதுங்கியது. இப்படிப்பட்ட நாளில்தான் ஸ்காட்டின் ஓட்டும் முறை பலன் தரும். மற்றவர்களின் வண்டி உடைந்தால் இன்னொன்று வரும். இவருக்கு இருப்பது ஒன்றே. அதனால் எங்கே மிதிக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை வண்டியின் சத்தத்தைக் கேட்டே முடிவு செய்வார். இன்னும் 25 சுற்று இருக்கும்போது, தடுமாறிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியின் காரைக் கடந்து முன்னேறினார். 200 சுற்று முடிந்தது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி இறங்கவில்லை. ஸ்காட் மேலும் ஓட்டினார். 201. 202. பிறகு கொடி இறங்கியது, பக் பேக்கருக்கு. பேக்கர் வெற்றி மேடைக்குப் போனார், கோப்பையை வாங்கினார், அழகுராணியின் முத்தத்தையும் பெற்றார். அறிவிப்பில் ஸ்காட் பின்தங்கியவர்.

ஸ்காட் முறையிட்டார். சுற்றுக் கணக்கை மறுபடி பார்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்துபோன பிறகு, ஆமாம், வென்றது நீதான், அதுவும் இரண்டு சுற்று முன்னால், என்று ஒப்புக்கொண்டார்கள். பரிசுப் பணம் 1,000 டாலர் வந்தது. கோப்பை வரவில்லை; பேக்கர் அதோடு ஊருக்குப் போய்விட்டார். பின்னால் ஸ்காட்டுக்குக் கொடுத்தது பெயர்கூடப் பொறிக்காத ஒரு மரத்துண்டு.

கணக்குப் பிழை என்றார்கள் அலுவலர்கள். நியாயமாகப் பேசுவோம். அந்தக் காலத்தில் சுற்றுகளை எண்ணியது மனிதர்களே. புழுதியில் வண்டியின் எண் தெரியாது. பிழைகள் நடந்ததுண்டு. 1959இல் முதல் டேடோனா 500 பந்தயத்தில் ஜானி போச்சம்ப் வென்றதாக அறிவித்து மேடையேற்றி, பிறகு புகைப்படங்களையும் செய்திப்படத்தையும் மூன்று நாள் ஆராய்ந்து, லீ பெட்டிதான் வென்றவர் என்று மாற்றினார்கள். ஆனால் அங்கே இருவரும் மூக்கும் மூக்குமாகக் கோட்டைக் கடந்தவர்கள். வித்தியாசம் சில அடிகள். ஜாக்சன்வில்லில் வித்தியாசம் இரண்டு முழுச் சுற்று, ஒரு மைல். ஸ்காட்டும் அவர் பிள்ளைகளும் கடைசிவரை நம்பியது வேறு: பல்லாயிரம் வெள்ளையர் பார்க்க, ஒரு வெள்ளை அழகுராணி ஒரு கறுப்பரை முத்தமிடுவதை 1963இன் ஃபுளோரிடாவில் யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள். பணத்தை இருட்டில் கொடுக்கலாம். முத்தத்தையும் கோப்பையையும் கூட்டத்தின் முன்னால்தான் கொடுக்க முடியும். நானும் அவர்கள் சொன்னதையே நம்புகிறேன்.

ஸ்காட்டைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஒரு மாலையோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான கதை, கோப்பை பறிபோன ஒரு பந்தயத்தில் இல்லை. மற்ற 494 பந்தயங்களில் இருக்கிறது. உச்சப் பிரிவில் அவர் மொத்தம் 495 முறை இறங்கினார். அவற்றில் 147 முறை முதல் பத்துக்குள், 20 முறை முதல் ஐந்துக்குள். 1966இல் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். 1968, 1969 இரண்டிலும் ஒன்பதாம் இடம்.

இந்த எண்களை எதை வைத்து எடுத்தார் என்று பாருங்கள். அறுபதுகளில் ஃபோர்டும் கிரைஸ்லரும் முன்னணி அணிகளுக்கு எஞ்சின், வண்டி, பணம் எல்லாம் அள்ளிக் கொடுத்தன. ரிச்சர்ட் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மகத்தான ஓட்டுநர், சந்தேகமே இல்லை: 200 வெற்றிகள், ஏழு சாம்பியன் பட்டங்கள், 1967இல் மட்டும் 27 வெற்றிகள். அவருக்குப் பின்னால் தந்தை லீ பெட்டி தொடங்கிய நிறுவனம் இருந்தது, பிளிமத் கம்பெனி இருந்தது. பெட்டி 27 முறை வென்ற அதே ஆண்டில் ஸ்காட் பத்தாம் இடம். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் மனைவி மேரி, மகன்கள் வெண்டல் ஜூனியர், ஃபிராங்க், இன்னும் சில நண்பர்கள். முதலாளி, மெக்கானிக், ஓட்டுநர் மூவரும் அவரே. பணக்கார அணிகள் கழற்றிப் போட்ட டயர்கள்தான் இவருக்குப் ‘புது’ டயர். வழியில் ஓட்டல்கள் இடம் தராது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், வண்டியிலேயே தூங்கி, மறுநாள் ஓட்டி, அன்றிரவே ஊர் திரும்பி, மறுநாள் பட்டறையைத் திறக்க வேண்டும்.

தடத்தில் இறங்க அனுமதித்த பிறகு அவரை யாரும் தடுக்கத் தேவையே இருக்கவில்லை. ஸ்பான்சர் வராமலிருந்தால் போதும். முழு ஆண்டுக்கும் பணம் போடும் ஒரு பெரிய ஸ்பான்சர் அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. புள்ளிப் பட்டியலில் ஆறாவதாக வந்த ஓட்டுநரின் காரில் பெயர் போட எந்தக் கம்பெனிக்கும் மனமில்லாமல் போனதற்கு நுட்பமான காரணம் தேட வேண்டியதில்லை. நல்ல வண்டி கிடைத்திருந்தால் அவர் சாம்பியன் ஆகியிருப்பாரா? அப்படி அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. முப்பத்தொன்பது வயதில் உச்சப் பிரிவுக்கு வந்தவர் அவர். ஆனால் பத்துப் பதினைந்து பந்தயங்கள் வென்றிருப்பார் என்று தயங்காமல் சொல்வேன். பழைய டயரோடு 147 முறை முதல் பத்துக்குள் வருபவர், புது டயரில் எங்கே வந்திருப்பார் என்பது கடினமான கணக்கு ஒன்றும் இல்லை.

முடிவு டல்லடேகாவில் வந்தது. அலபாமாவில், ஆளுநர் வாலஸின் ஆதரவோடு ஃபிரான்ஸ் கட்டி 1969இல் திறந்த 2.66 மைல் தடம். வளைவுகளின் சரிவு 33 பாகை. 1973 மே 6ஆம் தேதிப் பந்தயத்துக்குக் கடன் வாங்கி ஒரு மெர்க்குரி காரைத் தயார் செய்திருந்தார் ஸ்காட். 60 வண்டிகள் புறப்பட்டன. பத்துச் சுற்றுக்குள் ஒரு வண்டியின் எஞ்சின் வெடித்து எண்ணெய் தடத்தில் கொட்ட, பின்னால் வந்த இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் புகைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. ஸ்காட்டின் விலா, இடுப்பு, கால் எலும்புகள் முறிந்தன. கார் கண்டம். கடன் மட்டும் மிச்சம். அப்போது அவருக்கு 51 வயது. அந்த அக்டோபரிலேயே சார்லட்டில் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பன்னிரண்டாவதாக வந்தார் என்பதை நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பிறகு டான்வில் பட்டறைக்குத் திரும்பினார். 1990 டிசம்பர் 23இல் புற்றுநோயால் இறந்தார்.

மரியாதைகள் பின்னால் வரிசையாக வந்தன. ஊரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2015 ஜனவரியில் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அதில் இடம்பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். 2020 ஜூனில் பந்தயத் தடங்களில், அடிமை முறையைக் காக்க நின்ற தெற்குக் கூட்டமைப்பின் கொடியைத் தடை செய்தார்கள். 2021 ஆகஸ்ட் 28ஆம் தேதி, அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், டேடோனாவில் வைத்து ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையைப் புதிதாகச் செய்து குடும்பத்திடம் கொடுத்தார்கள். அசல் கோப்பை இன்றுவரை வரவில்லை. ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 4இல், அதே டல்லடேகாவில், அலபாமாவிலேயே பிறந்த பப்பா வாலஸ் வென்றார். அந்த ஆளுநரோடு இவருக்குப் பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவில்லை. உச்சப் பிரிவில் ஸ்காட்டுக்குப் பிறகு ஒரு கறுப்பின ஓட்டுநர் பெற்ற முதல் வெற்றி அது. இடையில் போனது ஏறத்தாழ 58 ஆண்டுகள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ரிச்சர்ட் பிரையர் நடித்து 1977இல் வந்த ‘கிரீஸ்டு லைட்னிங்’ படம் ஸ்காட்டின் கதைதான். பார்க்கச் சுவையாக இருக்கும், இனிப்பு அதிகம். படத்துக்கு முன்னால், பிரையன் டோனவன் 2008இல் எழுதிய ‘ஹார்ட் டிரைவிங்’ என்ற வாழ்க்கை வரலாற்றைத் தேடிப் படியுங்கள். இங்கே வந்திருக்கும் ஆட்டோமொபைல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். நம் நூலகத்தில் அது இல்லை. வாங்கித் தரும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.